தப்பைக் காட்டும் பெட்டி

பால்காரர் ஊற்றும்போது நுரை அடங்கும்வரை பாத்திரத்தை நகர்த்தாமல் நிற்கிறவள் நான். கேஸ் சிலிண்டர் வந்தால் சீலைத் தடவிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் தண்ணீர் மோட்டார் உதிரிச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். "ஒன்னையப் போலீஸ்ல சேத்துவிட்டிருக்கணும்" என்பார். போலி பேரிங்கை அட்டைப்பெட்டியின் அச்சைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறவர்தான் அவரும். ஆனால் ஆட்களை நம்பிவிடுவார். எனக்கு ஆட்களும் அட்டைப்பெட்டிகளும் ஒன்றுதான்.

அப்படிப்பட்ட எனக்கு, ஆறு வருஷமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் ஒரு கச்சேரிக் குழுவில் கிடார் வாசிக்கிறேன். கல்லூரி விடுதியில் அறைத்தோழியிடம் கற்றுக்கொண்டது. கல்யாண வரவேற்பு, கோயில் பொங்கல், காதுகுத்து என்று அருப்புக்கோட்டையைச் சுற்றி எங்கே கூப்பிட்டாலும் போவோம். குழுவை நடத்துகிறவர்தான் கீபோர்டும் வாசிப்பார். அண்ணன் என்று கூப்பிடுவேன். ஒரு பெண் மேடையில் கிடாரோடு நிற்பது எங்கள் பக்கத்தில் இன்னும் வேடிக்கைதான். அதனால் ஃபிளெக்ஸில் என் படத்தைத்தான் பெரிதாகப் போடுவார். அதில் எனக்குப் பெருமை இருந்தது, பொய் சொல்லவில்லை.

பரளச்சிப் பக்கம் ஒரு ஊர்ப் பொங்கலுக்கு வாசித்துவிட்டு வந்த மறுவாரம், அங்கே யாரோ செல்போனில் எடுத்த வீடியோ சுற்றிச் சுற்றி எனக்கும் வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். ஒரு பாட்டின் நடுவில் மேடை விளக்குக்கு வந்த பூச்சி என் கண்ணில் விழுகிறது. நான் கம்பியிலிருந்து வலது கையை எடுத்து, பூச்சியைத் தட்டிவிட்டு, துப்பட்டாவால் கண்ணைத் துடைக்கிறேன். கிடார் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஜிங்கு ஜிங்கென்று போய்க்கொண்டே இருக்கிறது.

வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கை முகத்தில் இருக்கிறது. சத்தம் காற்றில் இருக்கிறது.

அண்ணனிடமே போனில் கேட்டேன். "வீடியோவுல சத்தம் பிந்தித்தாம்மா வரும். அதையெல்லாம் போய்ப் பாத்துக்கிட்டு" என்று சிரித்தார். பிந்தி வருமென்றால் பாடகரின் வாயும் பாட்டும் மட்டும் எப்படி அச்சாகச் சேர்ந்து போகிறது? இதைக் கேட்பதற்குள் வண்டி ஓட்டுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். பின்னால் வண்டிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த கல்யாணக் கச்சேரியில் மிக்ஸர்காரரிடம் போனேன். எல்லார் சத்தமும் வயர் வழியாக அவருடைய மேஜைக்குப் போய், அவர் ஏற்றி இறக்கிய பிறகுதான் பெரிய பெட்டிகளில் வெளியே வரும். "என் கிடார் வெளிய வருதாண்ணே?" என்றேன். "ஒங்க லைனு ஓடிக்கிட்டுத்தான இருக்கு, பாருங்க" என்று ஒரு சின்னப் பச்சை விளக்கைக் காட்டினார். நான் கம்பியைத் தட்டினால் அது மினுக்கியது. என் சத்தம் உள்ளே போகிறது என்பதற்கு அந்த விளக்கு சாட்சி. வெளியே வருகிறது என்பதற்கு இல்லை.

அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். ஒரு பாட்டு முழுவதையும் வேண்டுமென்றே ஒரு கட்டை தள்ளி வாசித்தேன். நிஜமாக வெளியே கேட்டிருந்தால் கல்யாண வீட்டார் பந்தியிலிருந்து எழுந்து வந்திருப்பார்கள். ஒருவரும் திரும்பவில்லை. பாட்டு முடிந்ததும் அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, "சூப்பர்மா" என்றார்.

ஆறு வருஷத்தில் யாரும் என்னிடம் ஒரு தப்பும் சொன்னதில்லை. நன்றாக வாசிப்பதால்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா இரேன். கூப்பிடுறாக, மரியாதையா நடத்துறாக, வேற என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

"அங்கன நான் வாசிக்கிறேனா, சும்மா நிக்கிறேனா? எனக்கு அது தெரியணும்."

அப்படித்தான் எனக்கென்று ஒரு காம்போ ஆம்ப் வாங்க முடிவானது. காம்போ என்றால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருப்பது. கிடாரிலிருந்து ஒரு வயர், அந்தப் பெட்டி, அப்புறம் காற்று. நடுவில் வேறு யாருடைய விரலும் கிடையாது. ஆனால் ஒரே குணம் உள்ள பெட்டி எங்கள் பிழைப்புக்கு உதவாது. மெல்லிசைக்குக் குழைய வேண்டும், குத்துப்பாட்டுக்குக் கடிக்க வேண்டும், அவசரத்துக்கு ஒரு மைக்கைச் செருக வேண்டும், மிக்ஸர்காரர் வாயை அடைக்க அவருக்கும் ஒரு லைன் கொடுக்க வேண்டும். நான் ஒருத்தியே தூக்கும்படியும் இருக்க வேண்டும்.

இணையத்தில் ஒருவர் தினம் ஒரு ஆம்பை எடுத்துவைத்துக்கொண்டு பேசுகிறார். எல்லாமே அருமை என்கிறார். எல்லாவற்றையும் அருமை என்கிறவர் யாருக்காகவோ பேசுகிறார், அது நிச்சயம் எனக்காக இல்லை. திருச்சுழியில் ஒருவர் பழைய ஆம்பை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் பஸ் ஏறிப் போனோம். "ஒங்களுக்குன்னே எடுத்து வச்சிருந்தேம்மா" என்றார். அன்றைக்குத்தான் அவர் என்னை முதன்முதலாகப் பார்க்கிறார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் வாசித்துக் காட்டிய நேரமெல்லாம் சத்தத்தைக் குறைக்கவே விடவில்லை. நானே குமிழைத் திருகி இறக்கியதும், அடியில் ஸ்பீக்கர் கரகரத்தது. "அது கரண்டும்மா" என்றார். காபி குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

கடைசியில் மதுரையில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் பேச ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்காரர் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் பார்த்தார். "காயில் கம்பி காப்பரா, அலுமினியமா?" என்றார். விற்பனையாளர் முழித்தார். எங்கள் ஊர்க் கரிசலில் கோடை வந்தால் மோட்டார் எரிவது சாதாரணம். கனமாக இருந்தால் காப்பர், லேசாக இருந்தால் ஏமாற்று. அவர் கடை நடத்துவதே அந்தக் கணக்கில்தான். "கனமா இருக்கிறதாப் பாத்து எடு. நான் சொல்றதக் கேளு" என்று என் காதில் சொன்னார்.

விற்பனையாளர் முதலில் லேசான பெட்டி ஒன்றை எடுத்துவைத்தார். சின்னத் திரை, வண்ண விளக்கு. "இதுல நூறு சவுண்டு இருக்கு மேடம். எது வேணும்னாலும் இது ஒண்ணே போதும்." வாசித்தேன். இனிமையாகத்தான் இருந்தது. எதிரொலியும் உறுமலுமாக, என் கையில் இல்லாத வித்தையெல்லாம் அதிலிருந்து வந்தது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் நல்ல கார்ட் ஒன்றைப் பிடித்து, அதில் ஒரே ஒரு விரலை மட்டும் தப்பான கட்டையில் வைத்து மீட்டினேன். அபசுரம். பெட்டி அதை எதிரொலியில் முக்கி எடுத்து ஏதோ புதுமை மாதிரி வெளியே விட்டது.

"செமையா இருக்கு மேடம்" என்றார் விற்பனையாளர்.

"சூப்பர்மா" என்று கேட்டது எனக்கு.

அடுத்து இருந்தது கறுப்புப் பெட்டி. திரை கிடையாது. சுத்தமான சத்தத்துக்கு ஒரு வரிசைக் குமிழ், கடிக்கும் சத்தத்துக்கு ஒரு வரிசை, மைக்குக்கு ஒரு துளை, பின்னால் மிக்ஸருக்கு ஒரு லைன். அதே தப்பான கார்டை மீட்டினேன். விற்பனையாளரின் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல் ஆனது. கடைவாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பி, "என்னமோ இடிக்குதே" என்றார். அவருக்கு ச-வும் தெரியாது, ப-வும் தெரியாது. கடிக்கும் சத்தத்துக்கு மாற்றி மீட்டினேன். அப்போதும் இடித்தது. சரியாக மீட்டினேன், இருவர் முகமும் தெளிந்தது.

"இதையே குடுங்க" என்றேன்.

"மேடம், அதுல நூறு சவுண்டு..."

அண்ணனின் கீபோர்டிலும் நூறு சவுண்டு இருக்கிறது. அதில் ஒன்று கிடார். அதை நான் விற்பனையாளரிடம் சொல்லவில்லை. கறுப்புப் பெட்டி மற்றதைவிடக் கனம் என்பதில் வீட்டுக்காரருக்கும் திருப்தி. திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் அட்டைப்பெட்டியைக் காலால் நெம்பிப் பார்த்து, "கிரைண்டரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் இவர். விளக்கம் சொல்லச் சோம்பல்.

அதன் பிறகு வந்த முதல் நிகழ்ச்சி, எம்.ரெட்டியபட்டிக் குடும்பம் ஒன்று அருப்புக்கோட்டை மண்டபத்தில் வைத்த கல்யாண வரவேற்பு. வெயில் தாழுமுன்பே நானும் அவரும் ஆட்டோவில் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினோம். மிக்ஸர்காரர் பார்த்த பார்வையே சரியில்லை. "இது எதுக்கு? மேடையில எடத்த அடைக்கும்" என்றார். அண்ணன் வந்தார். "மண்டபத்துல எர்த் இருக்காதும்மா. ஒரே இரைச்சலா வரும். வேண்டாம்" என்றார். வீட்டுக்காரர் பையிலிருந்து டெஸ்ட் லேம்பை எடுத்துப் பிளக்கில் வைத்துப் பார்த்தார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. "எர்த்து நல்லா இருக்குண்ணே" என்றார், ஒரு கள்ளமும் இல்லாமல்.

"எனக்குக் கேக்குறதுக்குத்தாண்ணே" என்று சொல்லி, பெட்டியை என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் முகத்தை மண்டபத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

முதல் சில பாட்டுகளுக்குக் குமிழை அதிகம் ஏற்றவில்லை. பிறகு ஒரு மெல்லிசைப் பாட்டு. பல்லவி முடிந்ததும் கிடார் மட்டும் தனியாகப் போகிற ஒரு பிட் அதில் உண்டு. அது வந்ததும் குமிழைக் கொஞ்சம் திருகிவிட்டு வாசித்தேன்.

என் கையில் இருந்தது ஒரு கிடார். மண்டபத்தில் கேட்டது இரண்டு.

ஒன்று மேலே தொங்கிய பெரிய பெட்டிகளிலிருந்து வந்தது. இன்னொன்று என் முழங்கால் பக்கத்திலிருந்து, ஒரு மயிரிழை பிந்தி. பிந்தி வந்தது வீடியோ இல்லை, நான். திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் வலது கை கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நான் குமிழை இன்னும் திருகினேன். அவர் கையை எடுத்துவிட்டார்.

இப்போது ஒன்றுதான் கேட்டது. ஆறு வருஷத்தில் முதல்முறையாக நான் தனியாக இருந்தேன். நெற்றியும் கையும் ஒன்றாக வியர்த்தன. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அதே பிட் சற்று மாறி வரும். அதில் ஏறிப் போகும் இடத்தில் மோதிர விரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்தது. அந்தத் தப்பு மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை போனது. மணமக்களைப் பார்க்க மொய்க்கவரோடு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். பாடகர் ஓரக்கண்ணால் பார்த்தார். வாசலருகே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் நிமிர்ந்து பார்த்தார்.

நிகழ்ச்சி முடிந்து வயர்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். அண்ணன் நேராக என்னிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது. சூப்பர்மா இல்லை.

"ரெண்டாவது பிட்டுல தப்பா விட்டுட்டம்மா. மண்டபமே திரும்பிப் பாத்துருச்சு. இதுக்குத்தான் நான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"எதுக்குத்தாண்ணே?"

கையில் இருந்த வயரை மறுபடியும் பிரித்துச் சுருட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெரிய படங்கள், பச்சை விளக்கு, ஓடாத வண்டி, எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அதையும் முந்திக்கொண்டு சந்தோஷம் வந்துவிட்டது. நான் விட்ட தப்பை ஒருவர் கேட்டிருக்கிறார்.

"எந்த எடம்ணே? பாடிக் காட்டுங்க" என்றேன்.

அவர் வயரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவான குரலில், நான் வழுக்கிய அந்த ஏற்றத்தைப் பாடினார். என் ஆம்பை இன்னும் அணைக்கவில்லை. வாசித்தேன். "இல்ல, அந்த மூணாவது ஸ்வரத்துல நிக்காத" என்றார். மறுபடியும் வாசித்தேன். பந்தி மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்த ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

"இப்ப சரி" என்றார் அண்ணன்.

அவர் சரி என்றால் நான் நம்பிவிடுவேனா? திரும்பிப் பார்த்தேன். மிக்ஸர் மேஜையில் எந்த விளக்கும் இல்லை. கீபோர்டு அதன் பைக்குள், ஜிப் போட்டு, சுவரில் சாய்ந்து நின்றது. இன்னும் ஒரு தடவை வாசித்தேன்.