எங்கள் இசைத்தட்டில் பாடும் அக்கா

காலையில் முகநூலில் ஒரு பாட்டு. எழுபதுகளில் உப்புவெளி ஊர்ப் பொடியன்கள் நாங்கள் ஐந்து பேர் கொழும்பில் ஒரு பெரிய கொம்பனிக்குப் பாடிக் கொடுத்த முதல் பொப் இசைத்தட்டு. யாரோ ஒரு தம்பி தேடியெடுத்துப் போட்டிருக்கிறார்.

கிற்றார் எங்களுடையது. துறைமுகத்தைப் பற்றிய வரிகள் நான் எழுதியவை. ஆனால் பாடுவது ஒரு பெண்!

எங்கள் குழுவில் பெண்ணே இல்லை. பாடியவன் நான்.

குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, ஆர் அந்தப் பிள்ளை? நல்லாப் பாடுறா."

இதே பாட்டைக் கேட்டு மயங்கித்தான் அவள் என்னைக் கட்டினாள்.

மூன்றாம் தரம் கேட்டபோதுதான் பிடிபட்டது. தம்பி இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிந்திருக்கிறார். என் குரல் பெண்குரலாகிவிட்டது. பாட்டுக்குக் கீழே, கேட்டவர்கள் எழுதியதெல்லாம் அந்த 'அக்கா'வுக்கு ஒரே புகழாரம். எனக்கு அந்தக் காலத்தில் இதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

"தம்பி, தட்டு வேகமாச் சுத்துது. பாடினது நான்தான்" என்று எழுதினேன்.

உடனே பதில்: "பகிடி விடாதேங்கோ ஐயா. அந்த அக்கா இப்பவும் உயிரோட இருக்கிறாவோ?"

என்ன எழுதுவது, நீங்களே சொல்லுங்கள். 'இருக்கிறா' என்றால் பொய். 'இல்லை' என்றால் செத்தது நான்.