ஒத்தக்காசு அக்காவும் எட்டாம் நம்பரும்

பன்னிரண்டு வருஷம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை அது. வீடியோ கேம் கடையின் ஜாய்ஸ்டிக் குச்சியைப் பிடித்தால் குச்சிக்கே வேர்க்கும். மதியம் துணி வரத்து குறைந்ததும் அக்கா ஒரே ஒரு காசோடு எதிரிலிருக்கும் அந்தக் கடைக்குப் போவாள். அந்தக் காசிலேயே சண்டை ஆட்டத்தின் கடைசி வில்லன்வரை போய், அவனையும் சட்டைபோல மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதற்குள் பின்னால் காத்திருப்பவர்களுக்குத் தாடி முளைத்து, நரைத்தும்விடும். தெருவே அவளை ஒத்தக்காசு அக்கா என்றது.

கடைக்காரருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"இனிமே இங்க வராதம்மா. ஒரு காசுக்கு ஒரு மத்தியானத்தையே எழுதி வாங்கிக்கிற."

"தோத்தவங்கதானே எழுந்திருக்கணும்? நான் இன்னும் தோக்கலையே."

"அப்படியா? சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் பத்து நிமிஷம் தோக்காம நின்னு காட்டு. முடியலன்னா இந்தப் படி ஏறக்கூடாது."

"ஏறல. ஆனா நின்னுட்டா, அப்புறம் என்னை யாரும் எழுப்பக்கூடாது."

கடையிலிருந்த கேம் பெட்டிக்குள் ஆட்டத்தின் முரட்டுத்தனத்துக்கு ஒன்றிலிருந்து எட்டுவரை கணக்கு உண்டு. சாவி கடைக்காரரிடம். எப்போதும் மூன்றில் இருப்பதை வெள்ளிக்கிழமை எட்டுக்கு ஏற்றிப் பூட்டிவிட்டார்.

சனிக்கிழமை கடை கொள்ளாத கூட்டம். முதல் எதிரியே பேய் பிடித்தவன்போலப் பாய்ந்தான். கடைக்காரர் மீசைக்குள் சிரித்தார். அக்கா குச்சியை ஒரு தட்டுத் தட்டினாள். அவன் சுருண்டு விழுந்தான்.

"என்னங்க," என்று பக்கத்தில் நின்ற புருஷனைக் கேட்டாள், "இவன் நம்ம வீட்டுல இருக்கறவன் மாதிரியே அடிக்கிறான்?"

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் பெயின்டர் புருஷன், வேலை செய்த வீட்டிலிருந்து டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் செட் ஒன்றை வாங்கி வந்திருந்தான். அதோடு இதே ஆட்டம் அடங்கிய, வீட்டு செட்டில் செருகும் கேட்ரிட்ஜும் வந்தது. கடைக் கேட்ரிட்ஜை அதில் செருக முடியாது, செருகும் ஊசிகளின் வரிசை வேறு. ஆனால் உள்ளே இருக்கும் ஆட்டம் ஒன்றேதான். அந்நிய பாஷையில் வந்த மெனுவில் அவன் கண்டதையெல்லாம் அமுக்கினான். எங்கேயோ எட்டு என்று விழுந்தது. அதை மாற்ற இருவருக்கும் தெரியவில்லை. வீட்டு ஆட்டம் என்றாலே இப்படித்தான் என்று நினைத்து, அக்கா ராத்திரி சமையல் முடித்துத் தினமும் அதோடு மல்லுக்கட்டினாள். கடைக்கு வந்து ஆடுவது அவளுக்கு இளைப்பாறல்.

பத்து நிமிஷம் போனது. இருபது போனது. கடைக்காரர் தாங்கமாட்டாமல் உளறிவிட்டார்.

"எட்டுல வெச்சிருக்கேம்மா. எட்டுல எவனும் ரெண்டு நிமிஷம் தாண்டினதில்ல."

"எங்க வீட்டு டிவியிலயும் ஒரு எட்டு தெரியுமே," என்றான் புருஷன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப இத்தனை நாளா எதுல வெச்சிருந்தீங்க?"

"மூணுல."

"முழுக் காசு வாங்கிட்டு மூணுதான் குடுத்தீங்களா? மீதி அஞ்ச எப்ப தருவீங்க?"

கூட்டம் சிரித்தது. மற்றவர்களும் காசு போட்டு ஆடவேண்டுமே என்று, மூன்றுக்கே இறக்கிவிடக் கடைக்காரர் சாவியை எடுத்தார்.

"அதுல கைய வைக்காதீங்க," என்றாள் அக்கா. "எனக்கு எட்டுதான். நாளைக்கும்."

திரையில் கடைசி வில்லன் வந்து நின்றான். அக்கா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.