மூக்கடைத்த நாளில் முகமூடி

ஊரெல்லாம் சும்மா கிடைக்கிற காற்றைக் குழாய் வழியாக மூக்குக்குள் அனுப்பிப் பிழைக்கிற தொழில் என்னுடையது. தூக்கத்தில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுந்து, மறுநாள் பகலெல்லாம் தூங்கி வழிகிறவர்களுக்கு டாக்டர் ஒரு மிஷின் எழுதிக் கொடுப்பார். அது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக் காட்டுவது என் வேலை. கடை திருப்பதியில். சித்தூரிலிருந்து சூளூர்பேட்டை வரைக்கும் மிஷின் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வருவேன். பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போன பிறகுதான் எங்கள் பக்கத்தில் குறட்டை ஒரு வியாதி ஆனது. அதற்கு முன்னால் அது ஆம்பிளையின் அடையாளம்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்கும் அதே வியாதி என்று தெரிந்தது. ஆகவே, தலைமாட்டில் மிஷின் வைத்துப் படுக்கிறவர்களே, உங்கள் கஷ்டம் எனக்கும் தெரியும். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் முகமூடி ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். சளி பிடித்த நாளில் அதைப் பார்த்தாலே பயம் வரும். எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் இரண்டு நாள் முகமூடி அளவைப் பற்றியே பேசினார்கள். சளி பிடித்தால் என்ன செய்வது என்பது கடைசித் தாளில் அரைப் பக்கம். அதைப் படிக்காமல் மடித்து வைத்தேன். இங்கே எழுதுவதெல்லாம் அதன் பலன்.

தண்ணீர் டப்பா

சித்தூரில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். காற்று வறண்டு போகாமல் இருக்க மிஷினோடு ஒரு சின்னத் தண்ணீர் டப்பா வரும். அதில் என்ன ஊற்ற வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். எதையெல்லாம் ஊற்றக் கூடாது என்று சொல்லத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. ஆவி பிடிக்கத்தான் டப்பா வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, நீலகிரித் தைலத்தில் பாதி பாட்டிலைக் கவிழ்த்து விட்டார்.

காலையில் நான் போனபோது கண் இரண்டும் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. இருமி இருமித் தொண்டை புண். மிஷினுக்குள்ளும் வாடை ஏறி, கழுவிக் கழுவிப் பார்த்தும் போகவில்லை. நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. பரீட்சைத் தாளில் தப்பைக் கண்டுபிடித்தவர் மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மூக்கு தொறக்கல தம்பி, கண்ணுதான் தொறந்துச்சு."

பின்வரிசை

திருப்பதியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வரதாச்சாரி சுவாமி. சன்னதியில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் முன்வரிசைக்காரர். குரல்தான் அவருக்கு எல்லாம். அது தெரிந்தும், அன்றைக்குக் கடையில் தண்ணீர் டப்பா இல்லாத மிஷின்தான் இருந்தது என்று அதையே மாட்டிவிட்டு வந்தேன். "டப்பா வந்ததும் கொண்டாந்து தரேன் சுவாமி" என்றேன். வந்தது; நான் மறந்துபோனேன்.

மார்கழி பிறந்தது. விடிவதற்கு முன்னால் குளித்துவிட்டு ஓடுகிற மாசம். முதல் வாரமே சளி. வறண்ட காற்று பட்டுப் பட்டுத் தொண்டை கட்டிக்கொள்ள, குரல் போய்விடும் என்று பயந்து மிஷினைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பழைய பகல் தூக்கம் திரும்பி வந்தது. ஒரு நாள் கோஷ்டியில் பாசுரம் பாதியில் இருக்கும்போது, நின்றபடியே கண் சொக்கிப் பக்கத்தில் நின்றவர்மேல் சாய்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் எல்லாருடைய குரலும் நின்றதாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தை மாசம் நான் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காபி கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும் கையமர்த்தினார்.

"முப்பது வருஷம் முன்வரிசையில நின்னாச்சு, போறும். இப்போ பின்வரிசைக்குப் போயிட்டேன். அங்கே கண்ணசந்தா பெருமாளுக்கு மட்டுந்தானே தெரியும்!"

ஏழு மணி நேரம்

பிறகு சிம் வைத்த மிஷின்கள் வந்தன. எத்தனை மணி நேரம் ஓடியது என்று போனிலேயே பார்க்கலாம். சித்தூரில் தனியாக இருந்த சரோஜம்மாவுக்கு அப்படி ஒன்றை அமெரிக்காவில் இருக்கிற மகன் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு நாள் அவரே எனக்குப் போன் செய்தார். "அம்மா மூணு நாளா மிஷின் போடல. கேட்டா சும்மா சளின்னு சொல்றாங்க. நீங்க கொஞ்சம் சொல்லுங்க." நான் அந்த அம்மாவுக்குப் போன் செய்து, டாக்டர் மாதிரி கண்டிப்பாகப் பேசினேன். "சரிப்பா, போட்டுக்கறேன்" என்றார்கள்.

மறுநாள் மிஷின் ஏழு மணி நேரம் ஓடியிருந்தது. மகன் சந்தோஷமாகச் செய்தி அனுப்பினார். ஆனால் அவர் பார்ப்பது மணி நேரம் மட்டும்தான். கடைக் கம்ப்யூட்டரில் எனக்கு இன்னொரு கணக்கும் தெரியும்: முகமூடியின் ஓரத்தில் எவ்வளவு காற்று வெளியே போகிறது என்று. போன காற்றைப் பார்த்தால் அந்த முகமூடிக்குள் முகமே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் போகிற நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து நாள் விட்டேன்.

போனபோது போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு விசில் அடித்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. "இன்னா பண்றது, மாட்டினா முட்டுது. அதான் ஆன் பண்ணி தலகாணி மேல வச்சிர்றேன்" என்று ரகசியம் போலச் சொன்னார்கள். ஆட்டோ பிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா. மகன் விமானம் ஏறி வந்தார். அந்த அம்மா பிழைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர்களால் சொந்த வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. ஐந்து நாள் முன்னால் வந்திருக்கலாமே என்று மகன் என்னைக் கேட்கவில்லை. அவருக்கு அந்த இன்னொரு கணக்கு தெரியாது. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த அன்று அந்த அம்மா என்னிடம் சொன்னது இது:

"எனக்கு மூச்சு முட்டினா பக்கத்து வூட்டுக்குக் கூட தெரியலப்பா, மிஷின் ஓடலேன்னா அமெரிக்கா வரைக்கும் தெரிஞ்சிடுது."

மாங்கூழ் லாரி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். சாந்திபுரம் பக்கத்துக் கிராமத்து முனிரத்னம், சித்தூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு மாங்கூழ் லோடு அடிக்கிற டிரைவர். அவனைப் பெற்ற நைனா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த வீட்டில் முதல்முதலாக லைசென்ஸ் எடுத்தவன் இவன்தான். வண்டியிலேயே தூங்கிப்போகிறான் என்று டாக்டரிடம் காட்டி, மிஷின் வாங்கி, ஒழுங்காகப் போட்டுவந்தான். லாரியில் கூட ஒரு ஓரத்தில் அதைக் கட்டி வைத்திருப்பான். என் வாடிக்கையாளர்களில் இவ்வளவு பொறுப்பானவன் வேறு யாருமில்லை.

மாம்பழ சீசன் உச்சத்தில் அவனிடமிருந்து போன். நான் பஸ்ஸில் இருந்தேன், ஒரே இரைச்சல். "அண்ணா, ஜொரம். மூக்கு ரெண்டும் அடச்சிக்கினு கீது. மாட்டினா தூக்கி எறியத் தோணுது. இன்னா பண்றது?" எனக்கு இறங்க வேண்டிய இடம் வந்துகொண்டிருந்தது. "நாலு நாள் நிறுத்திடுப்பா. சளி போனப்புறம் மாட்டிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வண்டி ஓட்டுகிறாயா என்று கேட்கவில்லை. டாக்டரைக் கேள் என்றும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்ததை அவன் டாக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில், லோடோடு போய்க்கொண்டிருந்த வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. வேறு யாருக்கும் அடியில்லை. அவனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவன் நைனா எழுந்து எனக்கு ஸ்டூலைத் தள்ளிப்போட்டார். "வாங்க சார், இவ்ளோ தூரம் வந்தீங்களே" என்றார். உட்கார முடியவில்லை. என்னால்தான் இப்படி ஆயிற்று என்று நானே சொன்னேன். முனிரத்னம் கோபமே இல்லாமல் சொன்னான்:

"மிஷின நிறுத்துன்னு சொன்னே அண்ணா, நிறுத்திட்டேன். வண்டியயும் நிறுத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அதயும் நிறுத்தியிருப்பேன்."

ஒரு பக்கக் காகிதம்

வேலூரிலிருந்து திரும்பியதும் அந்த அரைப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு டாக்டர்களிடம் காட்டி, சந்தேகம் கேட்டு, தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பக்கத்தில் எழுதினேன். சளி பிடித்தால் படுக்கும் முன் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுங்கள். தலையை உயர்த்திப் படுங்கள். மூக்கு அடைத்தே இருந்தால் வாயையும் சேர்த்து மூடுகிற முகமூடி இருக்கிறது, கேளுங்கள். ஆனால் வாந்தி வருகிற நாளில் அதைப் போடாதீர்கள். டப்பாவில் சுத்தமான தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். சளி போனதும் எல்லாவற்றையும் கழுவுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். மிஷின் போடாமல் தூங்கிய மறுநாள் வண்டியைத் தொடாதீர்கள். இந்தக் கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டேன்.

முதலாளி படித்துவிட்டு, "இத்தன பாடுன்னு மொதல்லயே சொன்னா எவன்யா மிஷின் எடுப்பான்?" என்றார். ஆனாலும் ஒவ்வொரு பையிலும் ஒன்று வைத்தேன். முனிரத்னம் இப்போது ஒரு மாங்கூழ் ஃபேக்டரி கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறான். அவன் இருபது காகிதம் கேட்டு வாங்கிக்கொண்டு, தூங்கி வழிகிற டிரைவர்களுக்குக் கொடுத்தான். என்னை இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான்.

போன மழையில் எனக்கே விஷக் காய்ச்சல். முதல் நாள் மூக்கைக் கழுவ அலுப்பு. இரண்டாம் நாள் முகமூடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மூன்றாம் நாள் காலையில் தலை கனத்து, கடைக்குக் கிளம்ப ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். சாவி என் மனைவி கையில் இருந்தது. காகிதத்தையும் அதோடு பிடித்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"பெரிய எழுத்துல போட்டுக்கீறீங்களே, அது ஊருக்கு மட்டுந்தானா?"

இத்தனை வருடத்தில் நான் கற்றது இதுதான்: உடம்பு நன்றாக இருக்கிற நாளில் வீடு தேடிப்போய் மிஷினை மாட்டிக் காட்டுகிற எங்களுக்கு, உடம்பு கெட்ட நாளில்தான் எப்போதும் பஸ் இரைச்சலில் காது கேட்காமல் போகிறது.