என்ஜினியர் சாரின் பேண்ட்

மேட்டில் நாற்பது வீடுகள் எழும்பும்வரை தையல்கார அக்காவின் கடைக்குள் மழைத்தண்ணீர் வந்ததே இல்லை. மரம், புல் எல்லாவற்றையும் வழித்துவிட்டுச் சிமெண்ட் போட்டார்கள். அதன்பின் நாலு தூறல் விழுந்தாலே செம்மண் தண்ணீர் தெருவில் இறங்கி, கடைக்குள் புகுந்து, பின்வாசல் வழியாக ஓடையில் போய் விழும். அடியில் கூழாங்கல் தெரிந்த ஓடை டீ நிறத்துக்கு மாறிவிட்டது.

அக்கா புகார் கொடுத்தாள். வடிகால் அலுவலக என்ஜினியர் வந்தார், வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு நாளில்.

"எங்கம்மா தண்ணி? காஞ்சுல்ல கிடக்கு!"

"மழை பெய்யும்போது வாங்க சார்."

"மழையில எப்படிம்மா வர்றது?"

மூன்று முறை வந்தார், மூன்றும் வெயில் நாள்தான். 'நீர் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் முறை கையில் ஒரு பேண்டும் இருந்தது. பதவி உயர்வுக்குப் பாராட்டு விழாவாம். இடுப்பில் இரண்டு அங்குலம் பிரித்துவிட வேண்டுமாம். உள்ளே மடித்திருந்த துணி ஒன்றரை அங்குலம்கூடத் தேறாது. அக்கா ஒட்டுப்போட்டுச் சமாளித்தாள்.

விழா நாளன்று காலையிலிருந்தே பேய்மழை. மதியம் போன் வந்தது.

"பேண்டை யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்கம்மா."

"மழையில எப்படி சார் வர்றது? நீங்களே வந்துடுங்க."

வந்தார். அவர் வாசலில் கால் வைக்கவும் மேட்டுத் தண்ணீர் பின்னாலேயே நுழையவும் சரியாக இருந்தது. ஒரு செருப்பு ஓடையைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. துணி வெட்டும் மேசைமேல் தாவி ஏறினார். அக்காவும் அவளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கும் தங்கையும் ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"எப்பவுமே இப்படித்தானா?"

"இல்ல சார், நீங்க வந்தா மட்டும் காஞ்சுடும்," என்றாள் தங்கை.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை நீட்டினாள். அறிக்கை மேசைமேலேயே எழுதி முடிந்தது. பேண்ட் அதற்கப்புறம்தான் கைமாறியது.

கட்டுமானக் கம்பெனிக்கு உத்தரவு போயிற்று. அவர்கள் மேட்டில் பள்ளம் தோண்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். கடைக்குள் முழங்கால்வரை வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது கணுக்காலோடு நின்றது. அடுத்த மாதமே மேட்டில் புதுப் பலகை: 'ஏரிக்கரை இல்லங்கள்.'

அங்கே வீடு வாங்கிய ஒருவர் திரைச்சீலை தைக்க அக்காவிடம் வந்தார்.

"ஏரி ரொம்பப் பழசாங்க?"

"போன மாசம்தான் வெட்டினாங்க."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, ஏரி பார்த்த நாலு ஜன்னலுக்கும் அளவு சொன்னார்.