சிரிக்கக் கூடாத வாரம்

போன மழைக்காலத்தில் எனக்கு வந்த காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. மயிலாப்பூரில் நான் கணக்கு நடத்தும் பள்ளியில் ஒரு காலை, ‘முக்கோணத்தின் மூன்று கோணங்களையும்’ என்று ஆரம்பித்தவள் மேலே பேச முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை இழுக்கும்போதெல்லாம் இடது விலாவில் ஊசி ஏற்றியதுபோல் வலி. அன்று மத்தியானமே அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

இளம் டாக்டரம்மா என் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பிறகு அதை என் காதிலேயே மாட்டிவிட்டு, “மூச்சு விடுங்க” என்றார்.

கிறீச், கிறீச் என்றது.

“புதுச் செருப்பு போட்டுண்டு யாரோ நடக்கற மாதிரி இருக்கே” என்றேன்.

“நுரையீரல் மேல மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. நெஞ்சுக் கூட்டோட உள்பக்கம் இன்னொண்ணு. நடுவுல கொஞ்சூண்டு ஈரம். ஈரத்தோட ரெண்டு தட்டை அடுக்கினா வழுக்கும், ஆனா லேசுல பிரியாது, இல்லையா? அப்படித்தான். நெஞ்சு விரிஞ்சா நுரையீரலும் கூடவே விரியும். உங்களுக்கு நிமோனியாவால சவ்வு புண்ணாகி உரசுது.”

“நுரையீரலா வலிக்கறது?”

“அதுக்கு வலி தெரியாது. வெளிச் சவ்வுக்குத்தான் தெரியும்.”

பக்கத்துக் கட்டிலில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா. அவருக்கும் நிமோனியாதான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், “டாக்டரம்மா, அந்தச் செருப்ப வாசல்லயே கயட்டி வுட்டுட்டு வரச் சொல்லு” என்றார்.

சிரித்துவிட்டேன். உயிர் போய் உயிர் வந்தது. இருமினாலும் சிரித்தாலும் விலாவோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு தலையணை கொடுத்தார்கள். அக்கா வாயைத் திறந்தாலே நான் தலையணையைத் தேடுவேன்.

“சிரிக்க வைக்காதீங்கோ, வலிக்கறது.”

“நா இன்னாமா பண்ணேன்? சும்மாதானே குந்திகினு கீறேன்.”

அதற்கும் தலையணை வேண்டியிருந்தது.

ஒரு நாள் எழுந்தால் வலியைக் காணோம். சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்தேன். டாக்டரம்மா வந்து என் முதுகை விரலால் தட்டினார். மேலே டொக் டொக் என்றது, கீழே வரவரச் சுவரைத் தட்டினதுபோல் மொத்து மொத்து என்றது.

“நீர் கோத்துக்கிட்டிருக்கு. ரெண்டு சவ்வையும் தண்ணி விலக்கி வெச்சிருக்கறதால உரசல் இல்ல. அதான் வலி தெரியல” என்றார்.

குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்கியதை நான் படுத்தே கிடந்த களைப்பு என்று நினைத்திருந்தேன். பையை மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

திரையை இழுத்துவிட்டு, என்னை முன்னால் சாய்ந்து உட்காரவைத்து, முதுகு மரத்துப்போக ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“டீச்சரம்மா, பயப்படாத. இன்னா கலர்ல வருது?”

“லேசான மஞ்சள்” என்றார் டாக்டரம்மா.

“ஆப்பிள் ஜூஸ் கணக்காவா? எனக்கு வாணாம்.”

“யாரும் சிரிக்கக் கூடாது, ஊசி உள்ள இருக்கு” என்றார் டாக்டரம்மா. அவர் குரலே கொஞ்சம் ஆடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொன்னேன்.

நீர் போனதும் நுரையீரல் விரிந்ததில் கொஞ்ச நேரம் இருமினேன். அப்புறம் வந்த ஒரு மூச்சு அடி வயிறு வரை போய்த் திரும்பியதுபோல் இருந்தது. அதற்கு முன் மூச்சு விட்டதற்காக நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

மறுநாள் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கருவி வந்தது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே மூன்று பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். எனக்கு ஒன்று ஏறியது. அக்காவுக்கு இரண்டு. மூன்றாவது பாதியில் நின்று ஆடியது.

“ஏறு நைனா, ஏறு” என்று நான் அவர் பாஷையிலேயே பந்தைக் கெஞ்சினேன்.

அக்கா குழாயைத் துப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மூன்று பந்தும் பொத்தென்று விழுந்தன. விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் கையை நீட்ட, நான் என் தலையணையைத் தூக்கிக் கொடுத்தேன்.