மிளகுக் கொடி வழக்கும் என் மூன்றாவது விதியும்

1. ஆபீசர் வராத நாடகம் இல்லை

கொல்லிமலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பத்து நாள் நாடகம் எழுதச் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். முதல் நாள் இருபத்திரண்டு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு காட்சி எழுதி வாங்கினேன். இருபத்திரண்டிலும் கடைசியில் ஓர் அதிகாரி வந்தார். அவர் வந்ததும் குடிகாரன் திருந்தினான், கழிப்பறை எழுந்தது, சின்னப் பெண்ணின் கல்யாணம் நின்றது. பிறகு எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள்.

“எல்லாத்துலயும் ஏன் ஆபீசர் வர்றாரு?” என்று கேட்டேன்.

“அவரு வந்தாத்தானுங்க மேடம் நாடகம் முடியும்,” என்றாள் பத்தாம் வகுப்பு சரண்யா. “முடியலைன்னா வேன் எப்படிக் கெளம்பும்?”

விசாரித்தபோது புரிந்தது. அந்தப் பிள்ளைகள் நேரில் பார்த்த நாடகமெல்லாம் ஏதாவது ஒரு துறையின் வேனில் வந்தவை. கொசு நாடகம், காசநோய் நாடகம், ஹெல்மெட் நாடகம். ஆபீசர் வேஷம் போட்டவர் நன்றி சொல்வார், டிரைவர் வண்டியைக் கிளப்புவார். இலக்கணம் சுத்தமாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

நானும் எந்தக் கல்லூரியிலும் நாடகம் படித்தவள் இல்லை. சேலத்தில் ஒரு குழுவில் பிராம்ப்டராக இருந்தேன். சைடு விங்கில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் வேலை. வருஷக்கணக்கில் அப்படி உட்கார்ந்ததில் ஒன்று தெரிந்தது. வில்லனுக்குச் சொல்ல எதுவும் இல்லாத நாடகத்தில் கதாநாயகன்தான் முதலில் வசனத்தை மறக்கிறான். எதிரில் ஆளே இல்லாவிட்டால் அவன் யாருக்குப் பதில் சொல்வான்?

அதனால் அன்று போர்டில் மூன்று விதிகள் எழுதினேன். ஒன்று, தெரிந்த சண்டையை எழுது. இரண்டு, தீர்ப்புச் சொல்லாதே. மூன்று, உனக்குப் பிடிக்காத ஆளுக்கு நல்ல வசனத்தைக் கொடு. மூன்றாவதன் அடியில் இரட்டைக் கோடு போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

2. சரண்யாவின் சண்டை

மலையில் மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிடுவார்கள். சரண்யாவின் அப்பா பெரியசாமி தன் தோட்டக்காட்டு ஓரத்தில் ஒரு கொடி நட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த மரம் அடுத்த காட்டுக்காரர் பொன்னுசாமியுடையது. கொடிக்கு எல்லை தெரியாது, ஏறிவிட்டது. காய்த்த பிறகு இரண்டு பேருக்கும் எல்லை தெரிந்துவிட்டது. மிளகு யாருக்கு என்று கேட்டு இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

இதைத்தான் அவள் எழுதிக் கொண்டுவந்தாள். பேர்களை மட்டும் மாற்றியிருந்தாள். அப்பாவுக்குக் கொடுத்திருந்த வசனம், “என் வேரு, என் கொடி.” அவ்வளவுதான். பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுத்திருந்தது இது: “வேரு உன்னுதுதான், இல்லேங்கல. மழையிலயும் காத்துலயும் அதத் தாங்கிக்கிட்டு நிக்கறது என் மரமல்ல? ஒரு நா ‘ஏத்திக்கட்டுமா’ன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

எனக்குப் புல்லரித்தது. மூன்றாவது விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் நானே எழுதியதில்லை.

“உங்க அப்பா இத பாப்பாராம்மா?”

“ஆண்டு விழாவுக்கு வருவாருங்க. ரெண்டு பேருமே வருவாங்க.”

“ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“ஹாஸ்டல் பாரத்துல இன்னும் கையெழுத்துப் போடலீங்க மேடம்.” அதை ஏன் அப்போது சொன்னாள் என்று எனக்கு உடனே விளங்கியது. பத்தாவது முடித்ததும் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் ஒன் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா ஒரு மாசமாகப் ‘பாக்கலாம் கண்ணு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியர் நாடகத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா இருக்குங்க மேடம். கடைசியில ஒரு வேளாண்மை அதிகாரிய மட்டும் அனுப்பிச்சுடுங்க.”

நான் கலையைப் பற்றி அவருக்குக் கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். எடுத்துவிட்டு நேராகச் சரண்யாவிடம் போனேன். “பக்கத்துக் காட்டுக்காரரோட அந்த ஒரு வசனத்த மட்டும் எடுத்துரலாமா கண்ணு? பாரத்துல கையெழுத்து ஆவட்டும்.”

அவள் போர்டைப் பார்த்தாள். “அப்ப மூணாவத அழிச்சுப்போட்டு சொல்லுங்க மேடம்.”

டஸ்டர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. துணிச்சலால் அல்ல. இரட்டைக் கோடு போட்டவளே அழித்தால் நன்றாக இருக்காதே என்ற வெட்கத்தால்.

3. பத்து விநாடி மௌனம்

ஆண்டு விழா மத்தியானம் மூன்று மணிக்கு. பள்ளி மைதானம் நிறைந்திருந்தது. முன் வரிசையில், ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஊர்க்கவுண்டர் உட்கார்ந்திருந்தார். பெரியசாமி இடது ஓரம், பொன்னுசாமி வலது ஓரம்.

நாடகத்தின் கடைசியில் இரண்டு பாத்திரங்களும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசாமல் பத்து விநாடி நிற்க வேண்டும். அது என் ஏற்பாடு. பார்க்கிறவர்கள் நெஞ்சுக்குள் இறங்கும் மௌனம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

நாலாவது விநாடியில் ஊர்க்கவுண்டர் எழுந்துவிட்டார்.

“ஏப்பா மரத்துக்காரா, நீ இப்பிடி முன்னால வா.”

மரத்துக்காரராக நடித்த கோகுலுக்கு மீசை பாதி கழன்றிருந்தது. அதை அமுக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்தார். “ஐயா, இது நாடகமுங்க.”

“தெரியுதுங்க சார். நாடகம்னா கேள்வி கேக்கக் கூடாதுங்களா? பாதியில நிறுத்திப்போட்டு நிக்கறாங்களே, அப்பறம் யாரு கேக்கறது?” என்றவர் கோகுலிடம் திரும்பினார். “கொடி ஏறயில நீ ஏன் தடுக்கல?”

கோகுல் என்னைப் பார்த்தான். நான் சைடு விங்கில் நிற்கிறேன், எடுத்துக்கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. அவனே சொன்னான்: “பச்சையா ஏறுறத எப்படிங்க புடுங்கறது? கேப்பாருன்னு இருந்தனுங்க.”

கூட்டத்தில் பெண்கள் பக்கம் ‘அதானே’ என்று ஒரு சத்தம் எழுந்தது.

“கொடிக்காரா, நீ என்ன சொல்றே?”

பெரியசாமி வேஷக்காரப் பையனிடம் இருந்தது ஒரே வசனம். “என் வேரு, என் கொடி” என்றான். ஊர்க்கவுண்டர் இன்னொரு முறை கேட்டார். அதையே சொன்னான். மூன்றாம் முறை குரல் இறங்கிவிட்டது.

“கேக்காம ஏத்துனது தப்பு. மிளகு ஆளுக்குப் பாதி. நாளைக்கே ரெண்டு பேரும் சேந்து ஏணி வெச்சுப் பறிக்கணும். சரியா?” என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டார் ஊர்க்கவுண்டர்.

மேடையில் இருந்த பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ‘சரிங்க’ என்ற பதில் கூட்டத்தின் வலது ஓரத்திலிருந்து வந்தது. கொஞ்சம் தாமதித்து இடது ஓரத்திலிருந்தும் வந்தது. அதுவரை யாரும் அந்த இரண்டு பேர் முகத்தையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு நாகரிகமான பார்வையாளர்களை நான் எந்த ஊர் அரங்கத்திலும் கண்டதில்லை. தீர்ப்புச் சொல்லாதே என்ற என் இரண்டாவது விதி மட்டும் மைதானத்துப் புழுதியில் கிடந்தது.

4. பெரியசாமி கேட்டது

பந்தல் பிரிக்கும்போது பெரியசாமி வந்தார். பக்கத்தில் சரண்யா, கையில் ஹாஸ்டல் பாரத்தோடு.

“ஏனுங்க மேடம், இத என் புள்ளையே எழுதினதுங்களா, நீங்க எழுதிக் குடுத்ததுங்களா?”

நான் எழுதியது என்று சொல்லிவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள் என்று தோன்றியது. வாய் திறப்பதற்குள் அவளே, “நாந்தாம்ப்பா,” என்றாள்.

“பெத்த அப்பனுக்கு ஒரே வசனமா சாமி?”

“நீங்க ஊட்டுல சொன்னத அப்படியே எழுதுனேன். வேற எதாச்சும் சொல்லியிருந்தா அதையும் எழுதியிருப்பனே.”

“பொன்னுசாமி நெசமாவே அப்பிடிச் சொன்னானா?”

“அவரு எங்க பேசுனாருப்பா? அவரு எடத்துல நின்னு பாத்தேன். அப்பிடித்தான் தோணுச்சு.”

பெரியசாமி என்னிடம் திரும்பினார். “நாமக்கல்லுல படிச்சா இன்னும் நல்லா எழுதுவாளுங்களா?”

“எழுதுவாளுங்க.”

“அப்ப எம்பக்கமும் நாலு வார்த்த கத்துக்கிட்டு வரட்டும்.” பாரத்தை வாங்கித் தொடைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா பேப்பரைக் குத்திவிட்டது. “இவள அங்க அனுப்பினா ஊட்டுல நான் நிம்மதியா பேசலாம்,” என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அப்பாவும் மகளும் கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்து போனார்கள்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நாடகம் ஒரு வழக்கைத் தீர்த்ததாம். நான் செய்ததைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், விதி எழுதினேன், பயந்தேன், திருத்தப் போனேன், வெட்கப்பட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். ஊர்க்கவுண்டர் அன்று ‘ஊர் வழக்கைப் பிள்ளைகள் மேடையேற்றுவதா’ என்று நினைத்திருந்தால் அந்தப் பாரம் வெற்றுத் தாளாகவே இருந்திருக்கும். அப்போதும் நான் பஸ் ஏறிச் சேலம் போய்ச் சேர்ந்திருப்பேன். சரண்யாதான் நடந்து அதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

இப்போதும் அந்த மூன்று விதிகளைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் சாக்பீஸை எடுக்கும் முன், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: “உனக்குத் தெரிஞ்ச சண்டைய எழுதினதுக்கப்பறம் ராத்திரி யார் கையால சோறு வாங்கிச் சாப்பிடப் போறே?” சிலர் சட்டென்று சிரித்துப் பதில் சொல்லிவிடுகிறார்கள். சிலர் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசிக்கிறார்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவருவதை நான் கவனமாகப் படிக்கிறேன்.