புருவம் திருத்திய பூனை

பார்லரம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்த எவருக்கும் வாய் சும்மா இருந்ததில்லை. மாமியார் சண்டை, கணவரின் குறட்டை, பக்கத்து வீட்டுக்காரியின் புதுக் கார் என்று எல்லாம் வெட்டிய முடியோடு சேர்ந்து தரையில் விழும். அவள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வாள், கண்ணாடி வழியாகத்தான் முகம் பார்ப்பாள், நடுநடுவே "ம்ம், அப்புறம்?" என்பாள். அதற்கே மனசைக் கொட்டிவிட்டு, தலைபாரம் இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே மகள் குருவியோ கல்லுளிமங்கி. ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து, பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று கேட்டால் "இருந்துச்சு" என்பாள். அதற்கு மேல் பிடுங்கினாலும் வராது. அப்பா லாரியோடு வாரக்கணக்கில் வெளியூரில் கிடப்பவர். கடைக்குப் பின்னால், ஒரு திரைக்கு அந்தப் பக்கம் இருந்த அறையில் தாயும் மகளும்தான். ஊரார் ரகசியமெல்லாம் தேடி வரும் இடத்தில் சொந்த மகளின் ரகசியம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாள் அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. குருவிதான். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பார்லரம்மாவின் கையில் இருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது. அன்று சாயங்காலம் சுற்றி வளைத்துக் கேட்டதில், படம் வரைந்து போடுகிறவர்கள் கூடும் ஒரு செயலி, அதில் தூரிகை அக்கா என்று ஒருத்தி, குருவியின் படங்களை அவள் மெச்சுகிறாள் என்ற அளவுக்கு விஷயம் வெளியே வந்தது. எல்லாவற்றையும் அந்த அக்காவிடம்தான் சொல்வாளாம். அக்காவுக்குப் புரியுமாம்.

யார் அந்த அக்கா, எந்த ஊர், என்ன வயது, முகத்தைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்க வேண்டிய இடம் அது. நம்மவளுக்கு அதில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. பெற்று, வளர்த்து, பேன் எடுத்துத் தலை பின்னி விட்டவள் நான், சிரிப்பு மட்டும் எவளுக்கோவா? நான் என்ன குறைச்சல்? அதே கேள்வியை இரண்டு நாள் மென்றாள். ஒரு வாடிக்கையாளரின் புருவத்தை ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அவளும் அந்தச் செயலிக்குள் நுழைந்தாள். பெயர் பூனைக்குட்டி, வயது பதினாலு. படம் போட்டால்தான் மதிப்பார்கள் என்று ஒரு பூனையை வரைந்தாள். தொழில் புத்தி எங்கே போகும்? பூனைக்கு வில்லாக வளைத்துத் திருத்திய இரண்டு புருவங்களை வைத்துவிட்டாள்.

தூண்டிலில் குருவியே வந்து விழுந்தாள். 'உன் பூனைக்கு யாரு புருவம் எடுத்தது?' என்று எழுதியிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பக்கமும் சிரிப்பு. எத்தனை காலத்துக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்! ஒருத்திக்கு மட்டும்தான் அது தெரியும்.

பிறகு நாற்காலி வித்தையே போதுமாக இருந்தது. 'ம்ம், அப்புறம்?' என்று எழுதினால் குருவி கொட்டினாள். பிடிக்காத தோழி, பிடித்த வாத்தியார், கனவு எல்லாம் வந்தன. ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கியபாடில்லை. இப்போது பூனைக்குட்டி மேலேயே பொறாமை வந்துவிட்டது. போனில் அத்தனை பேசிவிட்டு, சாப்பிட வரும்போது அதே மகள் "ம்" என்று தட்டை நகர்த்துவாள். தான் பெற்ற பெண்ணைத் தானே உண்டாக்கிய ஒரு பூனை தட்டிப் பறித்துவிட்டதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாடிக்கையாக வரும் வங்கிக்காரம்மாவின் தலையில் சாயம் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில் செய்தி வந்தது.

'பூனை, பயமா இருக்கு. தூரிகை அக்கா கதவைச் சாத்திக்கிட்டு தனியா வீடியோவுல வான்னு சொல்றாங்க. அம்மாகிட்ட சொல்லக் கூடாதாம். வரலைன்னா நான் கிளாஸ் பொண்ணுங்களைப் பத்தி எழுதினதை எல்லாம் ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம். அக்கா முகத்தை நான் பாத்ததே இல்ல.'

பார்லரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை நாள் அந்த அக்காவோடு போட்டி போட்டாளே தவிர, அவள் யார் என்று ஒரு தடவையாவது யோசித்தாளா? பூனையாகவே எழுதினாள். 'போகாதே. எதையும் அழிக்காதே. உடனே உங்கம்மாகிட்ட சொல்லு.'

பதில் வந்தது. 'எங்கம்மாகிட்டயா? நான் கணக்குல பெயிலானதை வங்கிக்காரம்மாகிட்ட சொல்லி சிரிச்சாங்க. திரைக்குப் பின்னாடி நான் இருந்தேன்.'

அதே வங்கிக்காரம்மா கண்ணாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பார்லரம்மா சாயத்தைக் கழுவி, அவளை அவசரமாக அனுப்பிவைத்து, கதவில் 'மூடியிருக்கிறது' என்ற பலகையைத் திருப்பினாள். தலை வாரிவிடுவதாகச் சொல்லி மகளைக் கூப்பிட்டாள். குருவி முகம் வெளுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பூனையாகவே இருந்து அவளைப் பேச வைத்திருக்கலாம். ஆனால் முகம் காட்டாத ஒருத்தியால்தானே இந்தக் கதி? புருவப் பென்சிலை எடுத்து, கண்ணாடியிலேயே அந்தப் பூனையை வரைந்தாள். கடைசியாக வில் புருவம் இரண்டையும் வைத்தாள்.

குருவி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ ரெண்டு பேருமே பொய்யா?" என்றாள். "எனக்குன்னு ஒருத்திகூட இல்லையா?"

அந்தக் கேள்வி நெஞ்சில் போய்த் தைத்தது. பார்லரம்மா தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்யாததைச் செய்தாள். நாற்காலியைத் தன் பக்கம் திருப்பி, முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"பூனைகிட்ட சொன்னதை எல்லாம் யார்கிட்ட சொன்னே?" என்று கேட்டாள் குருவி.

"யார்கிட்டயும் சொல்லலடி."

"வங்கிக்காரம்மாகிட்ட?"

"இல்ல. கணக்கு விஷயம் சொன்னது தப்பு. இதை சொல்லல."

"பின்ன ஏன் பூனையா வந்தே?"

அடுத்தவர் கதைக்கு 'ம்ம்' கொட்டியே பழகிய பார்லரம்மாவின் வாய், சொந்தக் கதைக்குச் சொல் தேடித் தவித்தது. "பொறாமைடி. நீ எவளோடவோ சிரிச்சே. எனக்குப் பொறுக்கல. அவ யாருன்னுகூட கேக்காம, அவளை ஜெயிக்கணும்னு பாத்தேன்."

குருவி அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ம்ம், அப்புறம்?" என்றாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள் பார்லரம்மா, சாப்பாட்டுத் தட்டு முன்னால் பூனையை நினைத்து அழுதது வரைக்கும். கேட்டு முடித்த மகள் போனை எடுத்து அவள் மடியில் வைத்தாள். இருவரும் கடையைப் பூட்டிக்கொண்டு, இணைய மோசடிகளை விசாரிக்கும் போலீஸ் பிரிவுக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி செய்திகளைப் படம் பிடித்துக்கொண்டு, அந்தக் கணக்கை முடக்கும் வழியையும் சொல்லிக் கொடுத்தார். தூரிகை அக்கா அக்காவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்த வாரம் வங்கிக்காரம்மா வந்து உட்கார்ந்தாள். சாயம் சரியாகப் பிடிக்கவில்லை, அன்றைக்கு அப்படி என்ன அவசரம், திரும்பி வந்து பார்த்தால் கடையும் பூட்டியிருந்ததே என்று துருவினாள். திரைக்குப் பின்னால் படம் வரைந்துகொண்டிருந்த குருவியின் பென்சில் உரசும் சத்தம் நின்றது.

"கொஞ்சம் வேலை இருந்துச்சு. தலையைக் குனிங்க" என்றாள் பார்லரம்மா.

பென்சில் மறுபடி ஓட ஆரம்பித்தது.